சங்கத்துக்குக் கொடுத்த முகவரி சந்தைக்குப் போன கதை

டாக்டர் நம் நாடியைப் பிடித்துப் பார்க்கிறார். நாக்கை நீட்டச் சொல்கிறார். நெஞ்சிலே குழாயை வைத்துக் கேட்கிறார். பிறகு சீட்டு எழுதித் தருகிறார். நம் உடம்பின் ரகசியம் அவருக்குத் தெரிகிறது. தெரியத்தான் வேண்டும். ஆனால் அந்த டாக்டரின் ரகசியம் யாருக்குத் தெரிகிறது? இந்த மாதம் எந்தக் கம்பெனி மாத்திரையை எத்தனை முறை எழுதினார், போன மாதத்தைவிடக் கூடுதலா குறைவா, புது மருந்து வந்தால் உடனே எழுதுகிறவரா, பொறுத்துப் பார்க்கிறவரா என்ற கணக்கெல்லாம் எவர் கையில் இருக்கிறது?

அமெரிக்காவிலே அது மருந்துக் கம்பெனியின் கையில் இருக்கிறது! கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வருகிற ரெப், கையிலே மருந்து மாதிரிகளை மட்டும் கொண்டு வருவதில்லை. டாக்டரின் ஜாதகத்தையே கணித்து எடுத்துக்கொண்டு வருகிறார். அந்த ஜாதகத்தைக் கணிக்கப் பஞ்சாங்கம் கொடுத்தது யார் தெரியுமா? டாக்டர்களுடைய சங்கமே!

விஷயத்தை விவரமாகச் சொல்கிறோம். யார்மீதும் வீண்பழி போடுவது நம் நோக்கமன்று. இதில் உள்ளது அத்தனையும் பகிரங்கமாக வந்த செய்தி. கோர்ட்டு வரை போய் வந்த சங்கதி.

அமெரிக்க மருத்துவர் சங்கம் 1847-ல் தொடங்கப்பட்டது. தொழிலை ஒழுங்குசெய்யவும், போலி வைத்தியர்களை விரட்டவும், மருத்துவப் படிப்பைச் சீர்படுத்தவும் அது ஆற்றிய பணி பெரிது. அதை நாம் மறுக்கவில்லை. 1906-ல் அந்தச் சங்கம் ஒரு தலைமைப் பதிவேட்டைத் தொடங்கியது. ‘மாஸ்டர்ஃபைல்’ என்று அதற்குப் பெயர். நாட்டிலுள்ள டாக்டர் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு. எங்கே படித்தார், எந்த ஆண்டு தேறினார், எங்கே பயிற்சி பெற்றார், எந்தப் பிரிவில் வல்லவர், எங்கே தொழில் நடத்துகிறார் என்ற விவரம். சீட்டாக இருந்தது பின்னால் கம்ப்யூட்டருக்குள் போயிற்று. மாணவன் மருத்துவக் கல்லூரியில் காலடி வைத்த உடனே பெயர் ஏறிவிடும். பதினோரு இலக்கத்தில் ஓர் எண்ணும் கிடைத்துவிடும். ஏறிய பெயர் இறங்குவதில்லை. ஆள் இறந்தாலும் பதிவு அழிவதில்லை! இறந்துபோன டாக்டரின் பெயரை வைத்துக்கொண்டு எவனாவது பித்தலாட்டம் செய்யாமலிருக்க அந்த ஏற்பாடு என்கிறார்கள். நியாயமான காரணம்தான்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. அந்த நாட்டு டாக்டர்களில் பெரும்பாலோர் இன்று அந்தச் சங்கத்தில் உறுப்பினரே அல்லர். சந்தா கட்டவில்லை; கூட்டத்துக்குப் போகவில்லை; ஓட்டுப் போடவில்லை. ஆயினும் அவர்கள் பெயர் பதிவேட்டில் இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியிலோ ஸ்டான்லியிலோ மதுரையிலோ படித்துப் பட்டம் பெற்று, கடல் கடந்து போய் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் பயிற்சி மருத்துவராகச் சேருகிற நம்மூர்ப் பிள்ளையின் பெயரும் அந்தப் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. அந்தச் சங்கத்தின் வாசற்படியை அவர் மிதித்திருக்க வேண்டியதில்லை.

பதிவேடு இருப்பது குற்றமா? இல்லவே இல்லை. வேலைக்கு வருகிறவர் உண்மையான டாக்டர்தானா என்று ஆஸ்பத்திரி சரிபார்க்க அது வேண்டும். லைசென்ஸ் கொடுக்கிற வாரியத்துக்கும் அது வேண்டும். ஒரு மருந்தில் கோளாறு என்று தெரிந்தால், டாக்டர்களுக்கு அவசரமாகத் தகவல் சொல்லவும் அது வேண்டும். இத்தனைக்கும் பயன்படுகிற பதிவேட்டை நாம் பாராட்டவே செய்கிறோம். அந்தப் பதிவேடு லைசென்ஸ் என்ற பெயரில் வியாபாரிகளுக்கு விலைபோனதைத்தான் நாம் கேட்கிறோம்.

எப்படி நடக்கிறது வியாபாரம்? கேளுங்கள்.

நோயாளி மருந்துக் கடைக்குப் போகிறார். சீட்டைக் கொடுக்கிறார். கடைக்காரர் கம்ப்யூட்டரில் பதிவு செய்கிறார். அந்தப் பதிவை, நோயாளியின் பெயரை மட்டும் நீக்கிவிட்டு, தகவல் வியாபாரக் கம்பெனிக்குக் கடை விற்கிறது. நோயாளியின் பெயர் போய்விடுகிறது. டாக்டரின் அடையாளம் போவதில்லை. பல சமயம் அது வெறும் எண்ணாக இருக்கும். எண்ணை வைத்துக்கொண்டு ரெப் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவார்? அங்கேதான் சங்கத்தின் பதிவேடு வந்து உதவுகிறது. இந்த எண்ணுக்கு உரியவர் இன்னார், இன்ன ஊர், இன்ன தெரு, இதயநோய் நிபுணர், இன்ன கல்லூரியில் இன்ன ஆண்டு படித்தவர் என்று முழு உருவம் வெளியே வந்துவிடுகிறது. பூட்டு ஓரிடத்தில், சாவி வேறிடத்தில்; இரண்டையும் விலைக்கு வாங்கியவனுக்குப் பெட்டி திறந்துவிட்டது!

இந்தத் தகவல் வியாபாரத்தில் பெரும்புள்ளியாக வளர்ந்தது 1954-ல் தொடங்கப்பட்ட ஐ.எம்.எஸ். என்ற கம்பெனி. 2016-ல் வேறொரு கம்பெனியோடு இணைந்து, 2017 முதல் ஐக்யூவியா என்ற பெயரில் உலகமெங்கும் நடக்கிறது. டாக்டர் பட்டியலைச் சங்கத்திடமிருந்தும், சீட்டுக் கணக்கைக் கடைகளிடமிருந்தும் வாங்கி, இரண்டையும் பின்னி, மருந்துக் கம்பெனிகளுக்கு விற்பது அதன் தொழில்களில் ஒன்று.

சங்கத்துக்கு என்ன ஆதாயம்? 2005-ஆம் ஆண்டில் மட்டும் இப்படித் தகவல் விற்ற வகையில் அந்தச் சங்கத்துக்கு வந்த வருமானம் 4 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல். சந்தாக் கட்டுகிறவர்கள் குறைந்துகொண்டே போகிற சங்கத்துக்கு இப்படி ஒரு வற்றாத ஊற்றுக் கிடைத்தால் விட்டுவிட மனம் வருமா? வராது. நமக்கு அது புரிகிறது. புரிவதனாலேயே கவலையாகவும் இருக்கிறது. உறுப்பினரின் சந்தாவை நம்பி வாழும் சங்கம், உறுப்பினரின் முகம் பார்த்து நடக்கும். உறுப்பினரின் பெயர்ப் பட்டியலை விற்று வாழும் சங்கம் வாங்குகிறவனின் முகத்தை அல்லவா பார்க்கும்? மருந்து விலையைப் பற்றி, மருந்துக் கம்பெனிகளின் விளம்பர ஆட்டத்தைப் பற்றி அந்தச் சங்கம் வாய் திறக்க வேண்டிய நாள் வரும்போது, எதிரே உட்கார்ந்திருப்பவன் தன் வாடிக்கைக்காரன் என்ற நினைப்பு நாவைக் கட்டாதா?

“முகவரிதானே! போர்டிலேயே எழுதி மாட்டியிருக்கிறாரே டாக்டர்! அதைக் கொடுத்தால் என்ன குடி முழுகிப்போயிற்று?” என்று கேட்பவர்கள் உண்டு.

குடி முழுகிய கதையும் அந்த நாட்டிலேயே உண்டு.

1996-ல் பர்டூ என்ற மருந்துக் கம்பெனி ‘ஆக்ஸிகாண்டின்’ என்ற வலி மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. அபின் இனத்தைச் சேர்ந்த மருந்து அது. எந்த டாக்டர் வலி மாத்திரைகளை அதிகமாக எழுதுகிறார் என்ற ஜாதகக் குறிப்பு அந்தக் கம்பெனியிடம் இருந்தது. அந்த டாக்டர்களாகப் பார்த்துப் படையெடுத்தார்கள் ரெப்புகள். 1996-ல் 318 பேராக இருந்த விற்பனைப் படை 2000-ல் 671 ஆயிற்று. 4 கோடியே 80 லட்சம் டாலராக இருந்த விற்பனை அதே நான்காண்டில் 100 கோடி டாலரைத் தாண்டிற்று. பழக்கத்துக்கு அடிமையாக்கும் ஆபத்து இந்த மருந்தில் குறைவு என்று டாக்டர்களிடம் சொன்னார்கள். சொன்னது பொய். 2007-ல் அந்தக் கம்பெனியின் கிளை நிறுவனமும் மூன்று பெரிய அதிகாரிகளும் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். கம்பெனி கட்டிய தொகை 60 கோடி டாலர். ஆனால் அதற்குள் சுரங்கத் தொழிலாளர் வாழும் மலைநாட்டு ஊர்களிலே, முதுகு வலிக்கென்று மாத்திரை வாங்கியவன் மாத்திரைக்காகவே வாழ்கிறவனாகி, வீட்டை விற்று, வேலையை இழந்து, மாண்டும் போனான். ஒருவன் இருவன் அல்ல.

அந்தக் கொடுமை அத்தனைக்கும் சங்கத்தின் பதிவேடே காரணம் என்று நாம் சொல்லமாட்டோம். அப்படிச் சொன்னால் அது நியாயமாகாது. பொய் சொன்னவன் கம்பெனிக்காரன், ஏமாந்தவர் டாக்டர், கண்ணை மூடிக்கொண்டிருந்தது சர்க்கார். ஆனால் பொய்யை யாரிடம் போய்ச் சொன்னால் பலிக்கும் என்று ஆளைக் காட்டிக் கொடுத்தது இந்த ஜாதக வியாபாரம் அல்லவா? ஊரிலே ஆயிரம் டாக்டர் இருக்க, இந்த நூறு பேரைப் பிடி, வேலை முடிந்தது என்று வழி சொல்லிற்றே, அதற்குப் பெயர் வெறும் முகவரியா?

டாக்டர்களே இதை விரும்பினார்களா? இல்லை. சங்கமே 2004-ல் காலப் கம்பெனியை விட்டுக் கருத்துக் கேட்டது. மூன்றில் இரு பங்குப் பேர், எங்கள் சீட்டுக் கணக்கை ரெப்புகளுக்குக் கொடுக்கக் கூடாது என்றார்கள். அதன் பிறகு, 2006 ஜூலையில், சங்கம் ஒரு திட்டம் கொண்டு வந்தது. வேண்டாம் என்கிற டாக்டர் சங்கத்துக்குத் தெரிவிக்கலாம். தெரிவித்தால் அவருடைய கணக்கு ரெப்பின் கண்ணுக்கும் ரெப்புக்கு மேலுள்ளவர் கண்ணுக்கும் படாது.

நல்ல திட்டம் என்று கைதட்டத் தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள். ரெப்புக்குத்தான் தெரியாது, கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு அந்தக் கணக்கு போய்க்கொண்டேதான் இருக்கும்! பட்டியல் விற்பனையும் நிற்கவில்லை. அதுமட்டுமா? வாய் திறந்து வேண்டாம் என்று சொல்லாதவர் எல்லாம் வேண்டும் என்று சொன்னவர்களாகக் கருதப்படுவார்கள். இது எந்த ஊர் நியாயம்? ஒருவன் தோட்டத்தில் புகுந்து மாங்காய் பறித்து விற்றுவிட்டு, “பறிக்காதே என்று நீர் எழுதிக் கொடுக்கவில்லையே” என்று கேட்டால் ஊர்ப் பஞ்சாயத்து ஒப்புமா? முதலில் கேள், அவர் சரி என்றால் கொடு, மௌனமாக இருந்தால் மௌனம் சம்மதம் ஆகாது. இந்த எளிய முறையை ஏன் கைக்கொள்ளவில்லை என்றால், கேட்டால் பெரும்பாலோர் மாட்டேன் என்பார்கள் என்பது சங்கத்துக்கே தெரியும். காலப் சொன்ன கணக்கு கையிலேயே இருந்ததே!

சில மாநிலங்கள் சும்மா இருக்கவில்லை. 2006-ல் நியூ ஹாம்ப்ஷையர் மாநிலம், டாக்டரின் சீட்டுக் கணக்கை வியாபார விளம்பரத்துக்கு விற்கக் கூடாது என்று முதன்முதலாகச் சட்டம் போட்டது. அடுத்த ஆண்டு வெர்மாண்ட் மாநிலமும் சட்டம் போட்டது. டாக்டரின் சம்மதம் இருந்தால் விற்கலாம், இல்லாவிட்டால் விற்கக் கூடாது என்பதே அதன் சாரம். இதிலே நாம் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. வெர்மாண்ட் மாநில மருத்துவர் சங்கம் இந்தச் சட்டத்தை ஆதரித்தது. தேசியச் சங்கம் பதிவேட்டை விற்றுக்கொண்டிருக்க, சின்னஞ்சிறு மாநிலத்துச் சங்கம், இது எங்கள் தொழிலுக்குள் கை நுழைப்பதாகும் என்று சொல்லி எழுந்து நின்றது. அந்தத் துணிவுக்கு நாம் தலை வணங்குகிறோம். பட்டியலை விற்காத சங்கத்துக்குத்தான் அந்தக் குரல் வரும் போலிருக்கிறது!

தகவல் கம்பெனிகள் விடவில்லை, கோர்ட்டுக்குப் போனார்கள். கடைசியில் 2011 ஜூன் 23-ந் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆறு நீதிபதிகள் ஒரு பக்கம், மூவர் ஒரு பக்கம். வெர்மாண்ட் சட்டம் செல்லாது! காரணம்? பேச்சுரிமை! தகவலை விற்பதும், அதைக் கொண்டு விளம்பரம் செய்வதும் பேச்சுரிமைக்குள் வருகிறதாம். வியாபாரிக்கு மட்டும் வாய்ப்பூட்டுப் போடுவது அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாதாம். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கென்னடி. இது வியாபாரத்தை ஒழுங்குசெய்யும் சாதாரணச் சட்டம்தானே, இதைப் பேச்சுரிமைப் பிரச்னையாக்கலாமா என்று நீதிபதி பிரேயரும் மற்ற இருவரும் மாறுபட்டார்கள். எண்ணிக்கை ஜெயித்தது.

பேச்சுரிமைக்காக உலகெங்கும் சிறை சென்றவர்கள் உண்டு. தடியடி பட்டவர்கள் உண்டு. அச்சகம் பூட்டப்பட்டவர்கள் உண்டு. அந்த உரிமையின் நிழலில் இன்று சௌகரியமாக உட்கார்ந்திருப்பது டாக்டரின் சீட்டுக் கணக்கை விற்கிறவன்! இதைவிட ஒரு விசித்திரத்தை நாம் சமீபத்தில் கண்டதில்லை. தீர்ப்பின் சட்ட நுணுக்கத்தைப் பற்றி வழக்கறிஞர்கள் வாதாடட்டும். ஒன்றை மட்டும் நாம் சொல்வோம். சட்டம் செல்லாது என்று நீதிமன்றம் சொன்னதே தவிர, சங்கம் விற்றே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. விற்காமலிருக்கச் சங்கத்துக்கு எந்த நீதிபதியின் அனுமதியும் தேவையில்லை.

கடலுக்கு அந்தப் பக்கம், ஐரோப்பாவிலே, காற்று வேறு திசையில் அடிக்கிறது. நெதர்லாந்து நாட்டின் டென்னிஸ் சங்கம் 2018-ல் தன் உறுப்பினர்களின் பெயர், முகவரி முதலிய விவரங்களைக் காசுக்கு இரண்டு கம்பெனிகளிடம் கொடுத்தது. ஒன்று விளையாட்டுச் சாமான் விற்பது. மற்றொன்று லாட்டரி நடத்துவது. பந்தடிக்கச் சேர்ந்தவனை லாட்டரிக்காரன் கூப்பிடுகிறான்! உறுப்பினர்கள் புகார் செய்தார்கள். அந்நாட்டுத் தகவல் பாதுகாப்பு ஆணையம் 5,25,000 யூரோ அபராதம் போட்டது. சங்கம் வழக்காடியது. விவகாரம் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 2024 அக்டோபர் 4-ந் தேதி பதில் வந்தது. வியாபார நலன் என்பதே கூடாத ஒன்று அல்ல என்று நீதிமன்றம் ஒரு கதவைத் திறந்து வைத்தது உண்மை. ஆனால் உறுப்பினருக்கு முன்கூட்டியே தெரிவித்துச் சம்மதம் கேட்டிருக்கலாமே, அந்த வழி இருக்கும்போது கேட்காமல் கொடுப்பது அவசியந்தானா, டென்னிஸ் சங்கத்தில் சேர்ந்தவன் தன் விவரம் சூதாட்டக் கம்பெனிக்குப் போகும் என்று எதிர்பார்த்திருப்பானா என்றும் அதே நீதிமன்றம் கேட்டது. நாம் கேட்பதும் அதே கேள்விதான்.

நம் நாட்டுக்கு வருவோம். 2017-ல் ஒன்பது நீதிபதிகள் கூடி, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்கள். 2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. ஒரு காரியத்துக்கென்று வாங்கிய விவரத்தை மற்றொரு காரியத்துக்குப் பயன்படுத்த வேண்டுமானால் சம்மதம் வேண்டும் என்பது அதன் அடிப்படை. கம்பெனியானாலும் சங்கமானாலும் அதற்கு உட்பட்டதுதான். ஆனால் அமலுக்கு வந்த விதத்தைப் பாருங்கள்! 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் குறுக்குகிற பிரிவு உடனே அமலுக்கு வந்தது. விவரம் வாங்குகிறவன் சம்மதம் கேட்க வேண்டும் என்ற பிரிவுக்கோ 18 மாத அவகாசம்! சர்க்காரைக் கேள்வி கேட்கிற குடிமகனுக்கு இன்றைக்கே பூட்டு. குடிமகனின் விவரத்தை அள்ளுகிறவனுக்கு ஒன்றரை வருஷத் தவணை. இந்த அவசரத்துக்கும் அந்த நிதானத்துக்கும் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் டில்லியில் இருக்கிறார்கள்.

சட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டிய அவசியம் சங்கங்களுக்கு இல்லை. டாக்டர் சங்கம், வக்கீல் சங்கம், ஆடிட்டர் சங்கம், என்ஜினீயர் சங்கம், ஆசிரியர் சங்கம் என்று நம்மிடையே சங்கங்களுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொன்றிலும் சேரும்போது ஒரு படிவம். அதிலே பெயர், பிறந்த தேதி, வீட்டு விலாசம், கைபேசி எண், ஈமெயில், சில சமயம் மனைவி மக்கள் பெயர்கூட. எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. நம் சங்கம்தானே என்ற நம்பிக்கை! சம்பளப் பிரச்னைக்கோ, தோழர் ஒருவர் இறந்தால் குடும்ப நிதி திரட்டவோ, மாநாட்டுக்கு அழைக்கவோ கொடுத்த எண் அது. அந்த எண்ணுக்குக் காலையில் கடன் வேண்டுமா என்று ஒருவர், மதியம் மனை வேண்டுமா என்று ஒருவர், மாலையில் இன்ஷூரன்ஸ் என்று ஒருவர் கூப்பிடும்போது, “என் தொழில்கூட இவருக்குத் தெரிந்திருக்கிறதே, யார் கொடுத்தது?” என்ற சந்தேகம் பிறக்கத்தானே செய்யும்? எந்தச் சங்கத்தையும் நாம் இங்கே குற்றம் சாட்டவில்லை. கொடுக்காத சங்கம் கொடுக்கவில்லை என்று எழுத்திலே சொல்லட்டும் என்கிறோம். அதில் என்ன சிரமம்?

படிவத்திலே ஒரு வரி தனியாக இருக்க வேண்டும்: உங்கள் விவரத்தை வெளியாருக்குக் கொடுக்கச் சம்மதமா, ஆம் அல்லது இல்லை. பொடி எழுத்தில், பதினேழாவது விதியின் உட்பிரிவில் ஒளித்து வைக்கக் கூடாது. இல்லை என்று எழுதியவருக்குச் சங்கத்தில் எந்தச் சலுகையும் குறையக் கூடாது. மாநாட்டுப் பந்தலுக்குப் பணம் கொடுத்த கம்பெனிக்கு மேடையில் நன்றி சொல்லலாம், மாலை போடலாம், வந்தவர்கள் பட்டியலைத் தூக்கிக் கொடுக்கக் கூடாது. கொடுக்கத்தான் வேண்டுமென்று நிர்வாகிகள் நினைத்தால், பொதுக்குழுவில் தீர்மானமாக வைக்கட்டும். உறுப்பினர்கள் கையைத் தூக்கட்டும் அல்லது தூக்காமலிருக்கட்டும்.

ஆண்டுக் கணக்கு வாசிக்கும் நாளும் வரும். சந்தா இவ்வளவு, நன்கொடை இவ்வளவு, வட்டி இவ்வளவு என்று பொருளாளர் வேகமாகப் படித்துக்கொண்டே வருவார். “இதர வருமானம்” என்ற வரிக்கு வந்ததும் பின்வரிசையிலிருந்து ஓர் உறுப்பினராவது எழுந்து, “ஐயா, அந்த இதரம் எங்கிருந்து வந்தது? யாரிடம் எதைக் கொடுத்து வாங்கினீர்கள்?” என்று கேட்கட்டும்.